தக்கை போட்ட அறை

தண்ணீர் ஊற்றிக் கழுவாத தரையைத் தரை என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. நான் வீட்டு வேலை பார்த்த பிரெஞ்சுக்கார மதாமின் வீட்டில், கடல் பக்கத்து அறை ஒன்றுக்கு மட்டும் தக்கை போட்டிருந்தார்கள். புட்டி வாயை அடைக்கிறோமே, அதே தக்கைதான். அதைச் சதுரம் சதுரமாகப் பலகை போட்டுக் கப்பலில் வரவழைத்து, தரை முழுக்க ஒட்டியிருந்தார்கள். மதாமின் புருஷனுக்குத் தீராத தலைவலி. பக்கத்தில் யாராவது நடந்தால் மண்டைக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்குமாம். அதற்காக இந்த ஏற்பாடு. மதாம் அதை ‘லியேஜ்’ என்பார். இதுக்கு ஒரு பேரு வேறயா என்று நான் மனசுக்குள் நொடித்துக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வழக்கம்போல வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு போய் வாசலில் நின்றேன். மதாம் ஓடி வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். “தண்ணி வேணாம். இந்தத் தரைக்குத் தண்ணி எதிரி” என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். பிறகு அவரே முட்டி போட்டு உட்கார்ந்து செய்து காட்டினார். முதலில் பூந்துடைப்பத்தால் மணலை ஒரு பொட்டு விடாமல் கூட்ட வேண்டும். கடற்கரை வீட்டில் மணல் எங்கேதான் இருக்காது? அந்த மணல் காலில் அரைபட்டால் தக்கை மேலெல்லாம் கீறல் விழுமாம். அப்புறம் துணியை நனைத்துப் பிழிய வேண்டும். நான் பிழிந்ததை வாங்கி அவர் ஒரு தரம் பிழிவார். ஒரு சொட்டு விழுந்தாலும் திரும்ப என் கையில் கொடுத்துவிடுவார். அந்தத் துணியால் துடைத்து, பின்னாலேயே காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். மாதா மாதம் தேன்மெழுகை டர்பன்டைனில் உருக்கித் தடவிக் கம்பளித் துணியால் தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை கழன்று போகும். இவங்க ஊர்ல தண்ணிப் பஞ்சமா என்று புருஷனிடம் வந்து புலம்புவேன். அவர் மில்லில் தறி ஓட்டிவிட்டுச் சலித்துப்போய் வந்திருப்பார். சிரிப்பார், அவ்வளவுதான்.

என் மகளை நான் வேலைக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போவேன். விட்டுவிட்டுப் போக முடியாது. அவளுக்கு வலிப்பு. மூன்று வயசில் காய்ச்சலோடு வந்தது, காய்ச்சல் போயும் அது போகவில்லை. கண் சொருகும், கழுத்து ஒரு பக்கம் திரும்பும், அடுத்த நொடி எங்கே நிற்கிறாளோ அங்கே விழுவாள். விழுகிறவளுக்குக் கையை ஊன்றத் தெரியாது. மோவாயில் ஒரு தழும்பு, புருவத்தில் ஒரு தழும்பு, பின்மண்டையில் முடியே முளைக்காத ஒரு இடம். பள்ளிக்கூடத்துக் கருங்கல் படியில் விழுந்து முன்பல் இரண்டு போன பிறகு, இனிமேல் அனுப்பாதீங்கம்மா, எங்களால பொறுப்பேத்துக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கோயிலில் தாயத்து கட்டினார்கள். தெருவில் விழுந்தால் யாராவது ஓடி வந்து கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்துவார்கள். இரும்பு கைக்கு வந்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் வேண்டாத சாமி இல்லை.

ஒரு நாள் மதாமின் அந்த அறையில் நான் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். திரும்பினால் அவள் கண் சொருகுகிறது. எழுந்து ஓடிப் பிடிக்க நேரம் இல்லை. தடால் என்று சத்தம் வரப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. மெத்தென்று ஒரு அடி, அவ்வளவுதான். வலிப்பு நின்றதும் அவளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தலையில் வீக்கம் இல்லை, உதட்டில் ரத்தம் இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து பசிக்குதும்மா என்றாள். நான் அந்தத் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அழுதேன். மதாம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் வேலையே மாறிவிட்டது. மகளை அந்த அறையில் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன். மதாம் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். காலையில் வந்து சாயங்காலம் போகிறவரை என் மகள் எங்கே விழுந்தாலும் அடிபடாத ஒரே இடம் இந்தப் புதுச்சேரியிலேயே அதுதான் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போனால் சிமெண்டுத் தரை.

அப்புறம் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம்ம நாட்டுக் கொடி ஏறியது. ஊரே தெருவில் நின்றது. ஊர்வலம், பட்டாசு, மிட்டாய். என் புருஷன்கூட மில் ஆட்களோடு போய்க் கத்திவிட்டு வந்தார். எனக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. மதாம் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கப்பல் ஏறினால் அந்த அறை யார் கைக்குப் போகும், என் மகள் எங்கே விழுவாள்? எனக்கு அந்த நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. நாட்டுக்கு நல்லது நடக்கிற நேரத்தில் இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டு என்ன செய்ய.

மற்ற வேலைக்காரர்கள் போகிறவர்களிடம் நாற்காலி கேட்டார்கள், கட்டில் கேட்டார்கள், பாத்திரம் கேட்டார்கள். மதாம் என்னைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

“அந்தத் தரைய குடுங்க மதாம்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கையால் தரையைத் தட்டிக் காட்டினேன். மகளைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “பிய்த்தால் உடையும். எல்லாம் உடையும். உனக்குப் பொறுமை இருக்கா?” என்றார்.

“அது ஒண்ணுதான் இருக்குது” என்றேன். அது பொய். பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் புருஷன் கையில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார். “தரையவா கேட்ட? நல்லா கேட்டியே. செவுத்தயும் சேத்துக் கேட்டிருக்கலாம்ல” என்றார். ஆனால் மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மதாமின் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுச் சூடாக்கி, ஈரத்துணியை விரித்து அதன் மேல் வைப்போம். அடியில் இருந்த பசை இளகும். உடனே கொத்தனார் கரண்டியை ஓரத்தில் விட்டு மெல்ல நெம்புவோம். வேகமாக நெம்பினால் மூலை உடைந்து கையோடு வரும். அவர் வேகக்காரர். உடைத்ததெல்லாம் அவர்தான். ஒவ்வொன்று உடையும்போதும் நான் கத்துவேன், அவரும் பதிலுக்குக் கத்துவார். வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க இரண்டு பேருமே கத்துவதை விட்டுவிட்டோம். கடைசியில் பாதிக்கு மேல் முழுசாகத் தேறியது. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி, கருவடிக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

உள் அறை சின்னது, அதற்குப் போதும். பழைய பசை தார் மாதிரி கறுப்பாக இருந்தது. அது மறுபடி ஒட்டாது. எங்கள் தெரு ஆசாரி வஜ்ஜிரம் காய்ச்சிக் கொடுத்தார். தச்சர்கள் மரம் ஒட்டப் போடுகிற பசைதான், மாட்டுத் தோலில் செய்வது, காய்ச்சும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒட்டிவிட்டு ஒவ்வொரு பலகை மேலும் அம்மியையும் குழவியையும் ஆட்டுக்கல்லையும் மாற்றி மாற்றி வைத்து அழுத்தினோம். சுவர் ஓரத்து இடுக்கில் உடைந்த துண்டுகளைச் செருகினோம். வேடிக்கை பார்க்க வந்த தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “சாராயப் புட்டி மூடறத தரையில போட்டிருக்காடி இவ. இனிமே இவ புருஷன் குடிக்காமலே தள்ளாடுவான்” என்றாள் ஒருத்தி. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆசாரி போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “தண்ணி மட்டும் தேங்க வுட்றாதம்மா. வஜ்ஜிரம் தண்ணில கரஞ்சிரும்.” மதாம் சொன்னதும் அதுதான், ஆசாரி சொன்னதும் அதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மகள் அந்த அறைக்குள்தான் இருப்பாள், விளையாடுவாள், படுப்பாள், சாப்பிடுவாள். நான் வேறு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும்போது கதவை வெளியே நாதாங்கி போட்டுவிட்டுப் போவேன். ஜன்னல் வழியாகத் தெருப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பாள். விழுவது என்னமோ நிற்கவில்லை. ஆனால் தலை உடைவது நின்றது. அந்தத் தரை இருந்த ஐந்து வருஷத்தில் அவளுக்குப் புதுசாக ஒரு தழும்பு விழவில்லை. அதைத் தெருவில் யாரிடம் சொன்னாலும் என் குரல் உயர்ந்துவிடும்.

தரைதான் என்னைத் தின்றது. வலிப்பு வந்தால் அவளுக்குச் சிறுநீர் போய்விடும். தக்கை அதை உறிஞ்சும். உறிஞ்சிவிட்டால் கறை போகாது, நாற்றமும் போகாது. ஓரத்து இடுக்கில் இறங்கிவிட்டால் வஜ்ஜிரம் இளகிப் பலகை தூக்கிக்கொள்ளும். அதனால் வலிப்பு வந்ததும் அவள் மூக்கு அடைபடாமல் ஒருக்களித்துப் படுக்கப்போட்டுவிட்டு, ஓடிப் போய்த் துணி எடுத்து வருவேன். ஒற்றி ஒற்றி எடுப்பேன். காடியில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடைப்பேன். பிறகு காய்ந்த துணி. பிறகு விசிறியால் விசிறுவேன். அதற்குள் அவள் தெளிந்து எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்திரிடி, பாவாடைய மாத்து, ஈரத்தோட உக்காராத என்று விரட்டுவேன்.

மழைக்காலம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. காற்றில் இருக்கிற ஈரத்துக்கே பலகை ஓரம் எழும்பும். வஜ்ஜிரம் காய்ச்சி, ஒட்டி, அம்மியைத் தூக்கி வைப்பேன். வெயில் காலத்தில் ஜன்னல் வெயில் பட்ட இடம் வெளுத்துப் பொடிப்பொடியாக உதிரும். சாக்கைக் கட்டி வெயிலை மறைப்பேன், அறை இருட்டாகிவிடும். இருட்டா இருக்குதும்மா என்பாள் மகள். இருந்துட்டுப் போவட்டும் என்பேன். வெள்ளிக்கிழமை மற்ற வீடுகளில் எல்லாம் கழுவிவிட்டுக் கோலம் போடுவார்கள். என் வீட்டில் வாசலும் கூடமும் மட்டும்தான் தண்ணீர் பார்க்கும். தேன்மெழுகு கிடைக்காத மாதங்களில் மெழுகுவத்தியை உருக்கித் தடவினேன். அது வழுக்கியது. மகள் வழுக்கி விழுந்தாள். அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து நகத்தால் சுரண்டி எடுத்தேன். அழுதுகொண்டே சுரண்டினேன், ஏன் அழுகிறேன் என்று கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

இதற்கு நடுவில் என் மாமனார் தவளக்குப்பத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். நிலத்தில் வேலை செய்து தேய்ந்த உடம்பு. முதுகெல்லாம் எலும்பு. கூடத்துச் சிமெண்டில் படுக்க முடியவில்லை, குளிர் ஏறுது என்றார். மகனிடம் சொல்லாமல் ஒரு நாள் மத்தியானம் பாயை எடுத்துக்கொண்டு போய்த் தக்கை அறையில் படுத்துக்கொண்டார். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார். பக்கத்தில் வெற்றிலை எச்சில் சொம்பு.

“மாமா, அந்தச் சொம்பு சாஞ்சா என்னா ஆவறது?” என்றேன்.

“சாயாதும்மா. நான் பாத்துக்கறேன். இதுல படுத்தா எலும்பு வலிக்கலம்மா. எத்தினி நாளாச்சி இப்பிடித் தூங்கி” என்றார்.

அதற்கு மேல் எப்படி எழுந்துபோகச் சொல்ல? அவர் ஒரு மூலை, மகள் ஒரு மூலை. தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஊரில் ஏரி நிரம்பினால் எப்படி இருக்கும், நாற்று நடும்போது பெண்கள் என்ன பேசுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் வாயைப் பிளந்து கேட்பாள். ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா தாத்தா என்று கேட்பாள். நான் அடுப்படியிலிருந்தே, அதெல்லாம் ஒண்ணும் வாணாம், வரப்புல வுழுந்தா யாரு தூக்கறது என்று குரல் கொடுப்பேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த அறையில்தான் அவர் செத்துப்போனார். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலையில் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. உடம்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பந்தல் போட்டார்கள். மேளம் வந்தது. தவளக்குப்பத்து ஜனம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. எல்லாருக்கும் முன்னால் வந்தது என் நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள். மாரிலடித்துக்கொண்டு அழுதுவிட்டு, எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாவுக்கு வேண்டியதை எல்லாம் அவள்தான் எடுத்துக்கட்டிச் செய்தாள். அவள் அப்படிப்பட்டவள்தான். நல்லவள்.

எனக்கு மாமனார் போனதில் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அழும்போதே நினைப்பெல்லாம் உள் அறைத் தரை மேல்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிணம் வீட்டை விட்டு வெளியேறினால் அடுத்த காரியம் வீடு கழுவுவது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மூலை முடுக்கு விடாமல், வாசல் வரைக்கும் தள்ளிக் கழுவிவிட்டுத்தான் விளக்கேற்றுவார்கள். உயிர் போன இடத்துக்கு முதல் குடம். செத்தவனின் மகளும் மருமகளும் குளிக்கப் போயிருக்கும்போது பங்காளி வீட்டுப் பெண்கள் இதைச் செய்வார்கள். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கேட்கிற விஷயமே இல்லை அது.

நாத்தனாரை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அண்ணி, உள் ரூம்ல மட்டும் தண்ணி ஊத்த வாணாம். நான் ஈரத்துணி போட்டுத் தொடச்சிடறேன்.”

“இன்னா சொல்ற நீ? அப்பா உசுரு வுட்டது அங்கதான?”

“தக்க வீணாப் போயிடும் அண்ணி. ஒட்டுனதெல்லாம் வுட்டுப்போயிடும். உங்களுக்குத் தெரியாததா, கொழந்தைக்காகப் போட்டது.”

“கொழந்த இருக்கற வூடுன்னுதான் சொல்றன். கழுவாத வூட்ல வெளக்கேத்துனா அது தலையிலதாண்டி விடியும். துணி போட்டுத் தொடைக்கறதுக்கு அது இன்னா கொட்டிப்போன காப்பியா?”

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அவள் அப்பன் செத்திருக்கிறார். நான் தரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் நான் விடவில்லை. கூடத்தில் ஒப்பாரி நடக்கும்போது நான் உள்ளே போய்த் துணியைப் பிழிந்து, அவர் படுத்திருந்த இடத்தை நன்றாகத் துடைத்தேன். பொணம் கெடக்குது, இவ தரையைத் தடவிக்கிட்டு இருக்கா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தால் குளிக்கிற இடத்தில் உருவிக்கொள்வார்கள். மகளைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்து மூடினேன். “யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. உன் அத்த கேட்டாலும் சொல்லாத” என்றேன். சரிம்மா என்றாள்.

உடம்பைத் தூக்கினார்கள். தெருமுனை வரை அழுதுகொண்டு போனோம். அங்கிருந்து ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்களை எல்லாம் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். நான் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிடப் பார்த்தேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மருமவ குளிக்காம வூட்டுக்குள்ள போவக்கூடாதும்மா என்றார்கள். தலை முழுகினேன். நாத்தனார் எனக்கு முன்னாலேயே முழுகிவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்பது கரையேறின பிறகுதான் தெரிந்தது.

ஈரப்புடவையோடு ஓடி வந்தேன். வாசல்படி வழியாகத் தண்ணீர் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறத் தண்ணீர். நாற்றம் தெரு முழுக்க அடித்தது, கரைந்த வஜ்ஜிரத்தின் நாற்றம். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீரில் என் தக்கைப் பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. நாத்தனாரும் இன்னும் மூன்று நான்கு பெண்களும் தென்னந்துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பலகைகள் தண்ணீரோடு வாசல் பக்கம் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பூட்டு உடையவில்லை. திறந்து, சாவியோடு நாதாங்கியில் தொங்கியது.

நான் என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. பச்சைப் பிள்ளை கையிலிருந்து சாவியைப் பிடுங்கினியே, உன் வயித்துல ஒண்ணு பொறந்து இப்பிடி வுழுந்திருந்தா தெரியும் என்றேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அது தெரிந்துதான் சொன்னேன். நாத்தனார் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என்னமோ சொல்ல வந்தாள், என் மகளைப் பார்த்தாள், சொல்லாமல் விட்டுவிட்டாள். காரியம் முடிந்ததும் ஊருக்குப் போனவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

தக்கையை எடுத்துச் சாக்கு மேல் பரப்பினேன். வெயில் வரும், அதற்குள் தூறல் வரும், ஓடிப் போய் அள்ளுவேன், மறுபடி பரப்புவேன். காய்ந்த பலகை அப்பளம் மாதிரி சுருட்டிக்கொண்டது. அம்மியை வைத்தால் நடுவில் முறிந்தது. ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை, பூஞ்சை பிடித்து உதிர்ந்தது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வீடுகளில் எல்லாம் போய்க் கேட்டேன். யாருக்கும் அப்படி ஒரு தரை இருந்ததே தெரியவில்லை. என் புருஷன் ஐஸ் கம்பெனிச் சுவரில் தக்கை வைப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு வந்தார். கயிற்றுப்பாய் விரித்தேன், சாக்கை நான்காக மடித்துத் தைத்துப் போட்டேன், பழைய புடவைகளை மெத்தையாகத் தைத்தேன். ஓரம் தடுக்கியே அவள் இரண்டு தரம் விழுந்தாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். இந்த ஊரில் இத்தனை மண் இருக்கிறது, இத்தனை கடல் இருக்கிறது, என் மகள் விழுவதற்கு ஒரு அறை இல்லை என்று வாய்விட்டே சொல்லி அழுவேன்.

நான் வேலைக்குப் போகிற நேரத்தில் நாதாங்கி போடுவதை மட்டும் விடவில்லை. ஒரு நாள் திரும்பி வந்தால் நாதாங்கி திறந்திருக்கிறது, அவள் இல்லை. ஜன்னல் வழியாக யாரையோ கூப்பிட்டுத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். தெருவுக்கு ஓடினேன். தெருக்குழாய்ப் பக்கம் கும்பல். உள்ளே புகுந்து பார்த்தால் மீன்காரியின் மடியில் என் மகள் தலை. நெற்றி பிளந்து ரத்தம். ஒருத்தர் தன் துண்டைக் கிழித்து அழுத்திப் பிடித்திருந்தார். டீக்கடைக்காரர் அவள் கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்தியிருந்தார். இரண்டு பெண்கள் புடவையை விரித்து மறைத்துக்கொண்டு அவள் பாவாடையைச் சரி செய்தார்கள். பக்கத்தில் எங்கள் வீட்டுக் குடம் நசுங்கிக் கிடந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். மீன்காரி, ஒண்ணும் இல்லம்மா, கண்ணத் தொறந்துட்டா பாரு, கத்தி அத பயமுறுத்தாத என்றாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்தேன். கூடத்தில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தேன். நெற்றிக் கட்டு நனைந்து ஒரு சொட்டு ரத்தம் மோவாய் வழியாகச் சிமெண்டில் விழுந்தது. நான் துணியை எடுத்துப் பிழிந்து அதைத் துடைத்தேன்.

“எதுக்குடி வெளிய போன?”

“தண்ணி புடிக்க.”

“உன்ன யாரு கேட்டா? அந்த ரூமு மட்டும் இருந்திருந்தா உனக்கு இந்தக் கதி வருமா? அந்தப் பாவி சாவியப் புடுங்கி...”

“அத்த புடுங்கலம்மா. நான்தான் குடுத்தேன்.”

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை.

“அத்த கேக்கக்கூட இல்ல. பூட்டியிருக்குதேன்னு நின்னுகிட்டு இருந்தாங்க. நானா போயி தொறந்து வுட்டேன்.”

“ஏண்டி?” என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில்.

“வெளிய வுழுந்தா நாலு பேரு என்னத் தூக்குறாங்கம்மா. அந்த ரூம்ல வுழுந்தா நீ மொதல்ல தரையத்தான் தொடப்ப.”

“ஆமாண்டி, தொடச்சேன்” என்று கத்தினேன். “தொடைக்கலன்னா மறுநாளு எது மேல வுழுவ? யாருக்காகத் தொடச்சேன் நான்?”

“எனக்காகத்தான்” என்றாள். “எனக்குத் தெரியும்மா.”

அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. துணி என் கையிலேயே இருந்தது.

தையல் பிரித்த மறுநாள் காலையில் அவள் குடத்தை எடுத்தாள். நான் நாதாங்கிப் பக்கம் போகவில்லை. அவள் பின்னாலேயே தெருவில் நடந்தேன். பக்கத்தில் வந்தால் திரும்பிப் பார்த்து, போம்மா, எல்லாரும் பாக்குறாங்க என்றாள். கொஞ்சம் பின்தங்கினேன். அந்தத் தூரத்திலிருந்து ஓடினால் அவள் விழுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் கிட்ட வர அவள் விடவில்லை.